தவிட்டுக்கு வாங்கிய ஆயிகோரு

எட்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நாங்கள் டெக்சஸில், இர்விங் நகரத்தில், ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் வந்து இறங்குகிற மாதிரியான இடம். சாயங்காலம் பார்க்கிங்கில் கார் கதவைத் திறந்தால் ஒரு ஜன்னலிலிருந்து கடுகு தாளிக்கிற வாசனை வரும், இன்னொன்றிலிருந்து மீன் வறுக்கிற வாசனை வரும். எங்கள் கதவுக்கு நேர் எதிரே இன்னொரு கதவு. நடுவில் ஒரு ஆள் கையை நீட்டிப் படுக்கிற அகலத்துக்கு நடைபாதை. நான் சொல்லப் போவது முழுக்க அந்த நடைபாதையில் நடந்ததுதான்.

என் பெயர், கணவர் பெயர் எல்லாம் உங்களுக்கு எதற்கு? ஆனால் இரண்டு பெயர்களை மட்டும் என்னால் மறைக்க முடியாது. சொல்ல வந்ததே அவற்றைப் பற்றித்தான்.

முதல் பெயர் சாண்டிரு. எதிர்வீட்டுக்காரர். உகாண்டாவின் வடமேற்கு மூலையில் அருவா என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். லுக்பாரா அவருடைய தாய்மொழி. இங்கே ஒரு மிடில் ஸ்கூலில் கணக்கு டீச்சர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகு வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். மதுரையிலிருந்து தினமும் போனில் வருகிற என் அம்மாவுக்கு மட்டும் அவர் கடைசிவரை 'சந்திரா'தான். திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அவரோடு பழக்கமானதே ஒரு கெட்ட நேரத்தில். எங்கள் முதல் குழந்தை, ஒரு பையன், பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டான். அவன் பிறப்பதற்கு முன்னால் நாங்கள் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமா? பெயர் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு பார்ட்டி வைத்து, கேக்கில் எழுதி வெட்டி, மர எழுத்துகளில் அதே பெயரை ஆர்டர் செய்து அவன் அறைச் சுவரில் ஒட்டியும் வைத்தாயிற்று. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த அன்று கணவர் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார். கூடவே பெயின்ட்டும் உரிந்து வந்துவிட்டது. எழுத்து போயும் பெயர் சுவரில் அப்படியே நின்றது. அந்த அறைக் கதவைச் சாத்தியவள்தான், அதற்குப் பிறகு நான் அந்தப் பெயரை வாயில் எடுக்கவே இல்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் நான் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அப்பப்பா! "நீ சின்னப் பொண்ணும்மா, அடுத்தது நல்லபடியா வரும்" என்று கையைப் பிடித்த ஒரு ஆன்ட்டியிடம், "அடுத்தது வர்றதுக்கு அது என்ன பஸ்ஸா ஆன்ட்டி?" என்று கேட்டுவிட்டேன். பாவம், நல்ல மனுஷி. சாம்பார் கொண்டுவந்த டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சாண்டிரு அக்கா ஒரு மூடிய பாத்திரத்தோடு வந்து நின்றார். அதுவரை எங்களுக்குள் ஹாய், பை தவிர ஒன்றும் கிடையாது. "சாரி, மை சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். உள்ளே வந்து, சோபாவை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பாத்திரத்தைத் திறந்தால் பழுப்பாக, உருண்டையாக, ஆவி பறக்க ஒன்று. பார்த்த உடனே எனக்குக் களி என்று தெரிந்துவிட்டது. தானிய மாவும் மரவள்ளிக் கிழங்கு மாவும் கலந்து கிண்டியதாம்; என்யாசா என்று பெயராம். தொட்டுக்கொள்ள நிலக்கடலை அரைத்து விட்ட பயறு. கையால் பிய்த்து, குழி செய்து, தொட்டுச் சாப்பிட்டுக் காட்டினார். எனக்கா காட்டுகிறீர்கள் என்று நானும் பிய்த்தேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். ஏன் ஒன்றும் பேசவில்லை என்று கேட்டதற்கு, பேசுவதற்கு என்ன இருக்கிறது, உட்காரத்தான் வந்தேன் என்றார்.

அதன் பிறகு அந்த நடைபாதை எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுக்கூடமாகிவிட்டது. லுக்பாராவில் நான் மூன்று வார்த்தை கற்றுக்கொண்டேன். மி ங்கோனி என்றால் எப்படி இருக்கிறாய். முக்கே என்றால் நன்றாக இருக்கிறேன். அவாதிஃபோ என்றால் நன்றி. எதையும் நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. அந்த மொழியில் குரல் ஏறுவதும் இறங்குவதும்கூடப் பேச்சின் பகுதி. என் மதுரைக் குரல் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் அடித்துவிடும். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். "இட்லி"யை அவர் சொல்லும் அழகுக்கு நான் சிரித்துப் பழி தீர்த்துக்கொள்வேன்.

இரண்டாவது முறை உண்டானபோது யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம்கூட ஆறாம் மாதம்தான். வளைகாப்பு, போட்டோ, ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டேன். பெண் பிறந்தாள். நல்ல எடை, நல்ல ஆரோக்கியம், ஆஸ்பத்திரியே அதிர்கிற குரல். பெயர் பதிவு செய்ய ஒரு பெண் வந்து வந்து கேட்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கணவர் கெஞ்சிக் கூத்தாடி, பெயர் பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். குழந்தைக்குப் பெயர் இல்லை. கண்ணு, செல்லம், பட்டு என்று ஒரு கொஞ்சலும் இல்லை. "அதுக்குப் பசிக்குது", "அது தூங்குது" என்றுதான் சொல்வேன். பால் கொடுப்பேன், துடைப்பேன், தூங்க வைப்பேன், எல்லாம் செய்வேன். ஆனால் வாய் திறந்து கூப்பிட மட்டும் பயம். கூப்பிட்டால் என்னுடையதாகிவிடும், என்னுடையதானால் போய்விடும். இப்படி ஒரு கணக்கு என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிற பெண் ஒவ்வொரு முறையும் 'பேபி கேர்ள்' என்று கூப்பிடும்போது கணவர் முகம் சுருங்கிப் போகும். ஒருநாள் காரிலேயே சண்டை வந்துவிட்டது. "அவ என்னடி பாவம் பண்ணா? பேரில்லாமலே வளரணுமா?" என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை என்பதால் நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. போனில்தான் எல்லாம். விஷயம் தெரிந்ததும் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "தவிட்டுக்கு வித்து வாங்கிப்புடு. அம்புட்டுத்தேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இருக்கிற வழக்கம் இது. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்து தங்காமல் போனால், அடுத்த பிள்ளையை வேறு ஒருத்தி கையில் கொடுத்துவிடுவார்கள். அவள் வீட்டுப் பிள்ளையாகிவிடும். பிறகு பெற்றவள் கொஞ்சம் தவிடு கொடுத்து அதை வாங்கிக்கொண்டு வருவாள். இது இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை, விலைக்கு வாங்கியது என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். சின்ன வயதில் "உன்னயத் தவிட்டுக்கு வாங்குனோம்" என்று சொல்லி என்னை அழவைக்காத சொந்தக்காரர்களே கிடையாது. என் பெரிய மாமா விஷயத்தில் அது கேலி இல்லை, நிஜம். அவர் ரேஷன் கார்டிலேயே பெயர் தவிடு என்றுதான் இருக்கிறது.

இர்விங்கில் உட்கார்ந்துகொண்டு எமனை ஏமாற்றுவதா என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். போனை வைத்த பிறகு, உண்மையைச் சொல்கிறேன், யாரிடம் கொடுக்கலாம் என்றுதான் யோசித்தேன். தெரிந்த தமிழ்க் குடும்பம் எதிலும் கேட்க முடியாது. மத்தியானத்துக்குள் வாட்ஸாப் குரூப்பில் வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் சாண்டிரு அக்கா ஸ்கூலிலிருந்து வந்த கையோடு குழந்தையைப் பார்க்க வந்தார். என்ன பெயர் என்று கேட்டார். இல்லை என்றேன். மற்றவர்கள் மாதிரி உச்சுக்கொட்டவில்லை. பயமா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்போதுதான் தன் பெயருக்கு அர்த்தம் சொன்னார். அவர் பேசியது ஆங்கிலம்தான், ஆனால் எனக்கு ஏனோ எல்லாம் தமிழிலேயே நினைவிருக்கிறது.

லுக்பாராவில் சாண்டி என்றால் கஷ்டம், துன்பம். சாண்டிரு, துன்பத்தில் பிறந்த பெண். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. அப்பா வீட்டுக்காரர்கள் அவர் அம்மாவைப் படாத பாடு படுத்தியிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் பெரும்பாலும் அம்மாதான் பெயர் வைப்பாராம். பிள்ளை பிறந்தபோது வீடு எந்த நிலையில் இருந்ததோ அதுவே பெயராகிவிடும். துன்பம், வறுமை, சண்டை, எதுவும் பெயராகலாம். த்ரா என்றால் சாவு. அந்த வார்த்தையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு நன்றாக வாழ்கிறவர்கள் அவர் ஊரில் எத்தனையோ பேர். யாரும் அதற்காக வெட்கப்படுவதில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளையை வாழ்நாள் முழுக்க 'துன்பமே, சாப்பிட வா' என்று ஒரு அம்மா எப்படிக் கூப்பிடுவாள் என்று கேட்டேவிட்டேன்.

அக்கா சிரித்தார். "அம்மா என்னை மட்டுமா கூப்பிட்டாங்க? அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் அதே முற்றத்துலதான் இருந்தாங்க. ஒவ்வொரு வேளையும் அவங்க காதுல விழணும்னுதான் கத்திக் கூப்பிட்டாங்க. நான் ஓடிப் போய் சாப்பிட்டேன். கேட்கவேண்டியவங்க கேட்டாங்க."

பிறகு என் முறை. நம் ஊரில் பிச்சை என்றும் குப்பை என்றும் தவிடு என்றும் பெயர் வைக்கிற கதையைச் சொன்னேன். அக்காவுக்கு ஒரே வியப்பு. நாங்கள் சாவின் பெயரை ஊர் கேட்கச் சொல்கிறோம், நீங்கள் அதற்குத் தெரியாமல் பிள்ளையை ஒளிக்கிறீர்கள் என்றார். பேச்சோடு பேச்சாக, அம்மா சொன்ன தவிட்டு விஷயத்தையும் உளறிவிட்டேன். சொல்லி முடித்ததும் முகம் சூடாகிவிட்டது. கணக்கு டீச்சர், சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. எந்தக் கிழமை செய்வது, நான் எங்கே நிற்க வேண்டும், என்ன உடுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை என்று முடிவானது. தவிட்டுக்கு எங்கே போவது? இந்தியன் ஸ்டோரில் அரிசி இருபது வகை இருக்கும், தவிடு இருக்காது. கணவர் அமெரிக்கன் கடையில் போய் பிரான் என்று எழுதியிருந்த ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெற்றி வீரர் மாதிரி வந்தார். திறந்தால் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சீரியல். நடுநடுவே உலர்திராட்சை. என் ஆத்திரத்தைக் கேட்கவேண்டுமா? வீடியோ காலில் அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். "கோதுமைத் தவிடுன்னுதானடி போட்டிருக்கு? தவிடுன்னா தவிடுதேன். திராட்சையப் பொறுக்கிப் போட்டுரு" என்று தீர்ப்புச் சொன்னார். மாஸ்டர்ஸ் படித்த இரண்டு பேர் டைனிங் டேபிளில் உட்கார்ந்து தவிட்டிலிருந்து திராட்சை பொறுக்கினோம். பொறுக்கியதையெல்லாம் கணவர் வாயில் போட்டுக்கொண்டார்.

சொன்ன நேரத்துக்கு எதிர்க் கதவு திறந்தது. அக்கா சர்ச்சுக்குப் போகிற உடையில், பெரிய பெரிய பூப்போட்ட துணியில், தலையில் கட்டோடு நின்றார். நான் குழந்தையை நீட்டினேன். இது உங்கள் பிள்ளை என்று சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். சொன்னேன். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்து நிமிஷ வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். தவிட்டுக் கிண்ணத்தோடு நடைபாதையில் நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே அக்கா மெல்லிய குரலில் ஏதோ பாடுவது கேட்டது. குழந்தை அழுதது. கீழே யாரோ காரை எடுத்துக்கொண்டு போனார்கள். இன்னும் திறக்கவில்லை. கணவர் ஏதோ சொல்ல வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். திடீரென்று அழுகை நின்றது.

அந்த நிசப்தம் எனக்குத் தெரிந்த நிசப்தம். ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு மறு கையால் கதவைப் படபடவென்று அடித்தேன். "குடுங்க! எம் பிள்ளயக் குடுங்க!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். மேல்மாடியில் ஒருவர் எட்டிப் பார்த்தார். 'எம் பிள்ளை' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கே அது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

கதவு திறந்தது. குழந்தை அக்காவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. நான் பறிக்கப் பாய்ந்தேன். அக்கா ஒரு அடி பின்னால் போனார். "யாரு கேட்கிறது?" என்றார்.

"அவ அம்மா" என்றேன்.

கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். இவ்வளவுதானா, இந்தப் பிள்ளைக்கு இது போதாதே என்று பேரம் பேசினார். இருந்த டப்பாவை முழுசாகக் கொண்டுவந்து கவிழ்க்கச் சொல்லிக் கணவரை விரட்டினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகியது. அக்கா தவிட்டை வாங்கிக்கொண்டார். ஆனால் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

இந்த வீட்டுக்குள் இருந்தவரை இவளுக்கு நான்தான் அம்மா, அதனால் எங்கள் வழக்கப்படி நான் பெயர் வைத்துவிட்டேன் என்றார். பிள்ளை வேண்டுமென்றால் பெயரோடுதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். ஆயிகோரு. ஆயிகோ என்றால் மகிழ்ச்சி.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீடு இருக்கிற நிலையைத்தானே பெயராக வைப்பீர்கள்? எங்கள் வீட்டில் எங்கே மகிழ்ச்சி இருக்கிறது? உங்கள் பெயரையே வைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

"உன் வீட்டுத் துன்பத்துக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே" என்றார் அக்கா. "அது உன் பையன் பேரு. அவன் பேரை அவனே வச்சுக்கட்டும். இவ தலையில அதைத் தூக்கி வைக்காதே. அவனைக் கூப்பிடு, நான் கேட்கிறேன்."

நடைபாதையில், பட்டப்பகலில், என் பையன் பெயரைச் சொன்னேன். முதல் தடவை தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அக்கா விடவில்லை, இன்னும் சத்தமாக என்றார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை என் கணவரும் சேர்ந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் அக்கா என் பெண்ணை என் கையில் வைத்தார். அப்படியே அந்தச் சிமென்ட் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆயிகோரு, ஆயிகோரு என்று அவள் காதில் எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அது தூங்குது என்று சொல்லவில்லை. எம் பொண்ணு தூங்குறா என்று சொன்னேன்.

மறுநாள் அக்கா ஒரு தட்டில் மஃபின் கொண்டுவந்தார். நான் கொடுத்த தவிட்டில் செய்தது. விலையைத் தின்றாயிற்று, இனி வியாபாரத்தைத் திருப்ப முடியாது என்றார். போனில் இதைக் கேட்ட என் அம்மா, "சந்திரா கெட்டிக்காரி" என்று மெச்சினார். பெண்ணுக்கு ஒரு தமிழ்ப் பெயரும் சேர்த்துப் பதிவு செய்தோம். வீட்டில் மட்டும் எப்போதும் ஆயிகோருதான். பையனின் அறைக் கதவைத் திறந்தோம். சுவருக்குப் புது பெயின்ட் அடிக்கலாமா என்று கணவர் கேட்டார். நாம் காலி செய்கிறவரைக்கும் அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஒரு வருடத்தில் அக்கா குடும்பம் மினசோட்டாவுக்கு மாறிப்போனது. நாங்களும் வீடு வாங்கிக்கொண்டு வடக்கே தள்ளி வந்துவிட்டோம். இங்கே எல்லாம் பெரியது, புல்வெளி பெரியது, கராஜ் பெரியது. எதிர்வீட்டுக் கதவு மட்டும் தெரு தாண்டி எங்கேயோ இருக்கிறது. வேலை விஷயமாக இர்விங்கில் லாஸ் கொலினாஸ் பக்கம் போனால் ஒரு திருப்பம் திருப்பி அந்த அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கொஞ்ச நேரம் காரை நிறுத்துவேன். கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். கடுகு வாசனை இன்னும் வருகிறது. எங்கள் கதவில் யாரோ மாவிலைத் தோரணம் கட்டியிருக்கிறார்கள். எதிர்க் கதவு வாசலில் ஒரு குட்டி சைக்கிள் நிற்கிறது. அக்காவுக்கு போட்டோ எடுத்து அனுப்புவேன். மி ங்கோனி என்று கேட்பார். முக்கே என்பேன். இன்றைக்கும் உச்சரிப்பு தப்பு என்றுதான் பதில் வரும்.

என் பெண் இப்போது மூன்றாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் புரியும், பதில் எல்லாம் ஆங்கிலம்தான். சாப்பாட்டு நேரத்தில் சமையலறையிலிருந்து, "ஆயிகோரு, சாப்பிட வாடி" என்று கத்துவேன். மாடியிலிருந்து, "மா, வொய் ஆர் யூ ஆல்வேஸ் சோ லவுட்?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வருவாள். அவளுக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாகவும் என்னால் கூப்பிட முடியும். ஆனால் கேட்கவேண்டியவன் இன்னொருவன் இருக்கிறான், தங்கை நன்றாக இருக்கிறாள் என்று அவன் காதிலும் விழட்டும் என்றுதான் ஒவ்வொரு வேளையும் அத்தனை சத்தமாகக் கூப்பிடுகிறேன்.